பெங்களூரில் உரிமத்தோடு ஒரு சின்ன ரிவால்வர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

என் சித்தப்பா மகன் சிக்பேட்டையில் நகை மொத்த வியாபாரம் செய்கிறான். ஆயுத லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே எனக்குப் போன். “அண்ணா, அரை கிலோவுக்கு ஒரு ரிவால்வர் வருதாமே, சட்டைக்குள்ள தெரியவே தெரியாதாம். அதையே ஆர்டர் எழுதிடட்டுமா?” என்றான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் கையை நீட்டச் சொல்லி ஆள்காட்டி விரலின் நீளத்தைப் பார்த்தேன். ஏதோ ஜோசியம் பார்க்கிறேன் என்று நினைத்தான்.

ஸ்ரீராம்புரத்தில் அப்பா நடத்திய அடகுக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா காலத்திலிருந்தே வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. நான் பெரிய சுடுகாரன் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு ரிவால்வரை வாங்கி, சுமந்து, துடைத்து, பூட்டி வைக்கும் வேலை என்னவென்று தெரியும். தம்பிக்குச் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், தினமும் இடுப்பில் சுமப்பது என்றால் எத்தனை நாள்?

துப்பாக்கியோடு நம்ம மெட்ரோவில் ஏற முடியாது. மால் வாசலில் பையைச் சோதிப்பார்கள். நீதிமன்றம், விமான நிலையம், பெரும்பாலான ஐ.டி. வளாகங்கள், சினிமா தியேட்டர் எதற்குள்ளும் விடமாட்டார்கள். அப்படியானால் வண்டியில் வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. டாஷ்போர்டைத் திறக்கத் திருடனுக்கு அரை நிமிடம் போதும். தொலைந்த ஆயுதத்துக்கு உரிமதாரர் சொல்ல வேண்டிய பதில் லேசானதல்ல.

என் வாழ்க்கையில் ரிவால்வரை இடுப்பில் வைத்துக்கொள்ளும் நேரம் என்று பார்த்தால், கடையிலிருந்து வங்கிக்குப் போகும் வழி, இரவு ஷட்டரை இறக்கிவிட்டு வீடு திரும்பும் வழி, அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், ‘எவ்வளவு சின்னது’ என்பது முதல் கேள்வியாக இருக்காது.

லைசென்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், மத்திய உள்துறையின் ஆயுத உரிம இணைய தளமான என்.டி.ஏ.எல்.-ஏ.எல்.ஐ.எஸ். வழியாகப் போகும். மருத்துவச் சான்று வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். பெங்களூர் நகரத்துக்குள் உரிம அதிகாரி போலீஸ் கமிஷனர், அலுவலகம் இன்ஃபேன்ட்ரி ரோட்டில். நகரத்துக்கு வெளியே மாவட்ட ஆட்சியர். உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து விசாரணை அறிக்கை போகும். அதற்கு விதியில் 30 நாள் என்று இருக்கிறது.

‘ஏன் வேண்டும்’ என்ற கேள்விக்குத் தெளிவான பதில் தேவை. ‘பாதுகாப்புக்காக’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் நகராது. பணம் கொண்டுபோகும் தொழிலா, மிரட்டல் வந்து புகார் கொடுத்திருக்கிறீர்களா, தனித்த பண்ணை வீடா என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியிருக்கிறது. கல்யாணத்திலோ கோயில் ஊர்வலத்திலோ சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவும் அதே திருத்தம்தான்.

பயிற்சிச் சான்றைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். கர்நாடகத்தில் காவல் துறையே பல இடங்களில் ‘நாகரிக பந்தூக்கு தரபேதி’ என்று பொதுமக்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. ஒரு துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமலேயே எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவு செய்வது, பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்து நிச்சயம் செய்வது மாதிரி.

தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

பலரும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தோட்டாவைத் தேடுவார்கள். நம் நாட்டில் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். 9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ, போலீஸ் தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகம். அதற்கான உரிமம் மத்திய உள்துறையிடம் போக வேண்டிய விஷயம், சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. வெளிநாட்டு இணைய தளங்களில் .38 ஸ்பெஷல் நல்லதா, 9 எம்.எம். நல்லதா என்று பக்கம் பக்கமாகப் படிப்பது பொழுதுபோக்குக்குத்தான் ஆகும்.

உங்கள் கைக்கு எட்டுவது நடைமுறையில் இரண்டு: .32, .22. (எண் ஏறக்குறைய குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில்.)

இந்த .32-ல் ஒரு குழி இருக்கிறது. ரிவால்வருக்கான .32 என்பது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங், 1896-ல் பிறந்த தோட்டா. பிஸ்டலுக்கான .32 என்பது .32 ஏ.சி.பி., பேச்சில் ‘7.65’. பெயரில் எண் ஒன்றுதான், தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டா ரிவால்வரின் தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்தும் விடும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம், சுடக் கூடாது. கடையில் ‘தர்ட்டி டூ கொடுங்க’ என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். ரிவால்வர் தோட்டா என்று சொல்லுங்கள், பெட்டியைப் படியுங்கள், தோட்டாவின் நீளத்தைப் பாருங்கள்.

.32 லாங் சாதாரணமாக 98 கிரெய்ன் ஈயக் குண்டு, அதாவது ஆறரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்தால் ஆற்றல் சுமார் 150 ஜூல். 9 மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் சுடும்போது கையில் வரும் உதை குறைவாக இருப்பதால் இரண்டாவது குண்டும் முதல் குண்டு போன இடத்துக்கே போகிறது. 25 மீட்டர் சென்டர்ஃபயர் (பற்றவைக்கும் பொடி அடிப்பகுதியின் நடுவில் இருக்கும் தோட்டா) பிஸ்டல் போட்டிகளில் உலகம் முழுக்க இந்தத் தோட்டாவைத்தான் அதிகம் சுடுகிறார்கள், அவ்வளவு துல்லியம். போட்டிக்காரர்கள் சுடுவது மூக்கு தட்டையான ரகம், உங்களுக்குக் கிடைக்கப்போவது உருண்டை மூக்கு. குடும்பம் ஒன்று.

.22 இன்னும் லேசு. பயிற்சிக்குத் தங்கம். ஆனால் அதில் மருந்தைப் பற்றவைக்கும் பொடி அடிப்பகுதியின் விளிம்பில் இருக்கிறது. அந்த அமைப்பில் வெடிக்காமல் போகும் தோட்டாக்கள் சென்டர்ஃபயரைவிட அதிகம். அதனால் என் சிபாரிசு .32. வயதானவர்களுக்கும் விரலில் வலு இல்லாதவர்களுக்கும் மட்டும் .22.

கிடைப்பவை எவை?

சாதாரண உரிமதாரருக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. பழைய வெளிநாட்டு ரிவால்வர்கள் கைமாறும்போது லட்சங்களில் விலை பேசுவதற்கு அதுதான் காரணம், துப்பாக்கியின் தரம் மட்டும் அல்ல. தனி ஆளிடமிருந்து வாங்குவதானால் விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கடந்திருக்க வேண்டும். கை மாற்றுக் கடன் மாதிரி நடக்கிற காரியம் இல்லை.

உள்நாட்டில் கான்பூர்தான் ரிவால்வரின் ஊர். படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தன. ரிவால்வர் இப்போது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் என்ற கான்பூர் கம்பெனியின் கையில். தோட்டாக்கள் புனேயில் தலைமையகம் உள்ள மியூனிஷன்ஸ் இந்தியாவின் கையில்.

தம்பி கேட்ட அரை கிலோ ரிவால்வர் ‘நிர்பீக்’. 2014-ல் பெண்களுக்கென்று விளம்பரம் செய்து, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து, 1.22 லட்சம் ரூபாய்க்கு வெளியிட்டார்கள். டைட்டானியம் கலவை உடல், சுமார் 500 கிராம், .32, ஆறு தோட்டா. 2023 ஆகஸ்டில் வந்தது ‘பிரபல்’. தோட்டா இல்லாமல் 700 கிராம், பேரல் (குழல்) 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 177.6 மில்லிமீட்டர். இதில் சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள உருளை, பக்கவாட்டில் வெளியே வரும். அதற்கு முந்தைய கான்பூர் ரிவால்வர்கள் வெப்ளி என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் பாணியில் நடுவில் மடிந்து திறப்பவை. இஷாப்பூர் தொழிற்சாலையின் ‘நிடர்’ .22 ரகம், கால் கிலோதான் எடை. தனியார் பக்கம், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் செய்கிறார்கள்.

அரை கிலோவா, முக்கால் கிலோவா? உதைக்குப் பயந்து கனமானதை வாங்க வேண்டியதில்லை, .32-ல் உதை பெரிதாக இல்லை. ஆனாலும் கனமானதையே சொல்வேன், காரணம் ட்ரிகர். சுத்தியை (பின்னால் இருந்து தோட்டாவை அடிக்கும் பாகம்) கையால் பின்னுக்கு இழுக்காமல் நேரடியாகச் சுடும்போது ட்ரிகரை இழுக்க நாலரை, ஐந்து கிலோ விசை தேவைப்படுவது ரிவால்வரில் சாதாரணம். அரை கிலோ எடையுள்ள பொருளை அதன் பத்து மடங்கு விசையால் ஒற்றை விரலில் இழுத்தால் அது அசையாமல் எப்படி இருக்கும்? வாய் கீழே சாயும், அல்லது பக்கவாட்டில் ஒதுங்கும். இருநூறு கிராம் கூடுதல் எடை அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்கிறது. நான் தம்பியின் விரலைப் பார்த்தது இதற்குத்தான். விரலின் முதல் கணு ட்ரிகரில் சரியாக உட்காருகிறதா, நீளம் போதாமல் நுனியால் கிள்ளுகிறானா என்பது எடையைவிட முக்கியம்.

கடை மேசையில் பார்க்க வேண்டியவை

கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து காலி என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்தாலும் பாருங்கள். அவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தால் வேறு கடை.

அப்புறம் சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு இருக்கலாம், கடகட என்று ஆடக் கூடாது. ஆறு அறைக்கும் இதைச் செய்ய வேண்டும். நான்கில் சரியாக நின்று ஐந்தாவதில் தளர்ந்த துப்பாக்கியை நான் பார்த்திருக்கிறேன். அறையும் பேரலும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் குண்டு விளிம்பில் சீவி, ஈயத் தூள் பக்கவாட்டில் தெறிக்கும்.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை சரி. மெக்கானிக் கடையில் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். மடிந்து திறக்கும் ரகமானால் மேல் தாழ்ப்பாள் முழுதாக உட்காருகிறதா, கையால் முறுக்கினால் கீல் ஆடுகிறதா என்று சோதியுங்கள். பேரலுக்குள் வெளிச்சம் அடித்துக் குழிவிழுந்த துரு இருக்கிறதா என்று பாருங்கள். வாயின் விளிம்பில் வெட்டுக் காயம் இருந்தால் குண்டு விலகும்.

கடைசியாக, சுத்தித் தடுப்பு. துப்பாக்கி கீழே விழுந்தால் சுத்தி தோட்டாவை அடிக்காமல் தடுக்கும் பாகம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ரகத்தில் இருக்காது. இல்லாவிட்டால் சுத்திக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டுமே போட வேண்டும். அப்பா கடைசி வரை ஐந்துதான் போட்டார்.

.22-ஐ வெற்றாக ட்ரிகர் இழுத்துப் பார்க்காதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் அடித்துக் குழி விழும். .32-க்கும் மருந்தில்லாத போலிப் பயிற்சித் தோட்டா போட்டுப் பார்ப்பது நல்லது.

தோட்டாவை வாங்கி வைப்பது

வருடத்துக்கு எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை என்று உங்கள் லைசென்ஸிலேயே இருக்கும். அந்த எண்ணிக்கையை இரண்டாகப் பிரியுங்கள், சுடுவதற்கு ஒரு பங்கு, சுமப்பதற்கு ஒரு பங்கு. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தால் நல்லது. பயிற்சியில் நன்றாக வெடித்த அதே லாட்டைத்தான் இடுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்ற நிம்மதி இருக்கும்.

ஒவ்வொரு தோட்டாவையும் திருப்பி அடிப்பகுதியைத் தடவுங்கள். நடுவில் இருக்கும் வட்டமான பிரைமர், சுற்றியுள்ள பித்தளையைவிட மேலே துருத்தக் கூடாது. துருத்தினால் சிலிண்டர் சிக்கும். பச்சை படிந்தது, நெளிந்தது, குண்டு ஆடுவது எல்லாம் தள்ளுபடி.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில், துரு பிடிக்குமே என்று ரிவால்வருக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு, அதே ஆறு தோட்டாக்களை வருடக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தேன். ஒருநாள் ரேஞ்சில் சுட்டபோது ஆறில் இரண்டு ‘டிக்’ என்றதோடு சரி. எண்ணெய் ஊறிப் பிரைமர் செத்துப் போயிருந்தது. இப்போது அறைகளை வறண்ட துணியால் துடைத்த பிறகே போடுகிறேன். சுமக்கும் தோட்டாக்களை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாற்றுகிறேன். பழையவை அடுத்த பயிற்சிக்குப் போகும்.

வெடிக்காத தோட்டா ரேஞ்சில் வந்தால் துப்பாக்கியை இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கக்கூடும். இதைவிட ஆபத்தானது பலவீனமான ‘புஸ்’ சத்தம். அப்போது குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். நிறுத்தி, காலி செய்து, உள்ளே பாருங்கள்.

உறை

இது ரசனை விஷயம் மட்டும் அல்ல, விதியும் இருக்கிறது. 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால் உடலோடு மாட்டிய ஹோல்ஸ்டரிலோ அதற்கேற்ற பையிலோ இருக்க வேண்டும், முழுதாக மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு கெத்து காட்டுவது உரிமத்துக்கே உலை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவதும் அப்படித்தான்.

ஹோல்ஸ்டரிடம் நான் கேட்பது மூன்று. ட்ரிகர் வளையத்தை முழுதாக மூட வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்க வேண்டும். ஆக்டிவாவில் மல்லேஸ்வரம் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் நழுவக் கூடாது. தோல் உறை உடம்போடு பழகும், ஆனால் மழையிலும் வியர்வையிலும் ஈரத்தைப் பிடித்து உலோகத்தைத் துருவேற்றும். இரவில் துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்துத் தூங்கப் போகாதீர்கள்.

இடம்? வலக்கைக்காரர் என்றால் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். டக்-இன் செய்யாத அரைக்கைச் சட்டை போதும். வண்டி ஓட்டுபவர் கீழ்முதுகில் வைக்காதீர்கள், விழுந்தால் முதுகெலும்பில் இறங்கும். பேன்ட் பாக்கெட் என்றால் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. புடவை கட்டுபவர்களுக்கு இடுப்பு உறை வேலைக்காகாது, குறுக்கே மாட்டும் பையில் தனி அறை வேண்டும். ஆனால் கைப்பை பிடுங்குகிறவன் துப்பாக்கியையும் சேர்த்தே கொண்டுபோவான் என்பதை வீட்டுப் பெண்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, “அப்போ எனக்கு வேண்டாம்” என்று முடித்துவிட்டாள். அவள் கணக்கு சரிதான்.

பயிற்சியும் எல்லைகளும்

ரேஞ்சில் 5 மீட்டர், 7 மீட்டரில் நேரடி ட்ரிகரில் சுடுங்கள். சுத்தியை இழுத்துவைத்துச் சுட்டால் இலக்குத் தாள் அழகாக இருக்கும், ஆபத்தில் அதற்கு நேரம் இருக்காது. வீட்டில் காலித் துப்பாக்கியில் மருந்தில்லாத போலிப் பயிற்சித் தோட்டா போட்டு, உண்மைத் தோட்டா அடுத்த அறையில் இருக்க, சுவரைப் பார்த்து தினம் இருபது முறை இழுத்தாலே இரண்டு மாதத்தில் விரல் பழகும்.

எப்போது சுடலாம் என்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்பு செல்வது, உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம் போல அங்கே சொல்லப்பட்ட சில நிலைகளில் மட்டும்தான். தேவைக்கு மேல் செய்த தீங்குக்கு உரிமை கிடையாது. செயினை அறுத்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். ஓகலிபுரம் மாதிரி நெருக்கமான தெருவில் தவறிய குண்டு எதிர்வீட்டுக் கதவைத் துளைக்கும்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளியில்தான். லைசென்ஸில் ‘கர்நாடகம் முழுவதும்’ என்று இருந்தால் அது ஓசூரில் செல்லாது. சேலத்தில் மச்சான் கல்யாணம், தருமபுரியில் குலதெய்வம் என்று கிளம்பும் காலையில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள். தொழில் நிமித்தம் அடிக்கடி போக வேண்டுமானால் எல்லையை விரிவாக்கக் காரணத்தோடு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். சாவி பூஜை அறை மாடத்தில் இருந்தால் அது பூட்டே இல்லை, பிள்ளைகளுக்கு முதலில் தெரியும் இடம் அதுதான்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ வைக்கலாம். கொடுக்கும் முன் பேரலில் மெல்லிய எண்ணெய் பூசி, வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். தோல் உறையோடு கொடுக்காதீர்கள். ஒருமுறை நான் அப்படிக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் தொடங்கிய பிறகு திரும்ப வாங்கினேன். சிலிண்டரின் ஒரு பக்கம் முழுக்க உறையின் தையல் அச்சு அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க பித்தளைக் கம்பியால் தேய்த்தும், இரண்டு தையல் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.